தேடுசொல் தேர்வு: நெல்லைச் சீமை வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் இணையதளம் வைத்திருக்கும் கடைக்காரர்கள், விடுதி உரிமையாளர்கள், மருத்துவமனை நடத்துவோர், பயிற்சி மையத்தார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தளம் ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் ஆள் வரத்து இல்லை என்ற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

தேடுசொல் என்பது என்ன? அதைத் தளத்தில் எங்காவது பதிந்து வைத்தால் போதாதா?

ஒருவர் கூகுள் போன்ற தேடுபொறியில் தட்டச்சு செய்யும் சொல்லோ சொற்றொடரோ தேடுசொல் ஆகும். தொழிலில் இருப்பவர்கள் இதைக் கீவேர்ட் என்கிறார்கள். பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கீவேர்ட்ஸ் என்ற மெட்டா குறிச்சொல் ஒன்று உண்டு. முன்பு அதில் சொற்களை அடுக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. தரவரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. ஆனாலும் தளம் அமைத்துத் தருபவர்கள் சிலரின் ரசீதில் "கீவேர்ட் சேர்த்தல்" என்று ஒரு வரியும் அதற்கு ஒரு தொகையும் இன்றும் இடம்பெறுகின்றன. அந்த வரிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு தேடுசொல்லைக் குறிவைப்பது என்றால், அந்தச் சொல்லைத் தேடி வருபவருக்கு என்ன தேவையோ அதற்கு முழுமையாக விடை சொல்லும் ஒரு பக்கத்தை எழுதி, அதன் தலைப்பிலும் உள்தலைப்பிலும் உரையிலும் அவர் பயன்படுத்திய சொற்களையே கையாள்வது என்று பொருள்.

எங்கள் கடைக்கு "திருநெல்வேலி அல்வா" என்ற சொல்லுக்கே முதலிடம் வேண்டும். அதைக் குறிவைப்பது சரியா?

அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்பவர் யார் என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து வீட்டிலேயே கிண்டிப் பார்க்க நினைப்பவர் அதைத் தேடலாம். அல்வாவுக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் படிக்க விரும்புபவர் தேடலாம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஜங்ஷன் பக்கத்தில் கடை எங்கே என்று பார்ப்பவர் தேடலாம். பெங்களூரில் இருந்துகொண்டு பார்சல் வரவழைக்க நினைப்பவரும் தேடலாம். இத்தனை பேரின் தேவையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதால், தேடுபொறி செய்முறைக் காணொளிகள், நாளிதழ்க் கட்டுரைகள், வரைபடம், பெரிய வணிகத் தளங்கள், பெயர்பெற்ற பழைய கடைகள் என்று எல்லாவற்றையும் கலந்தே முதல் பக்கத்தில் நிரப்புகிறது. அந்தக் கூட்டத்துக்குள் புதிய கடை ஒன்று நுழைவது கடினம். அரும்பாடுபட்டு நுழைந்தாலும், வருபவர்களில் பலர் வாங்க வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

தேடுபவரின் நோக்கத்தை மூன்றாகப் பிரிக்கும் முறையைக் கணினி அறிவியலாளர் ஆந்த்ரே புரோடர் 2002-இல் முன்வைத்தார்: தகவல் அறிதல், குறிப்பிட்ட தளத்துக்குப் போதல், ஒரு செயலைச் செய்து முடித்தல். இன்றும் இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. உங்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான். "அல்வா சென்னைக்கு கூரியர்", "கருப்பட்டி அல்வா ஆன்லைன்", "கல்யாண தாம்பூலத்துக்கு அல்வா கால் கிலோ பாக்கெட்" போன்ற நீண்ட தொடர்களைத் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் பையில் காசோடு வருபவர்கள். "அல்வா எத்தனை நாள் கெடாமல் இருக்கும்" என்பது தகவல் கேள்வி போலத் தோன்றினாலும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவர் கேட்கும் கேள்வி அது. ஆகவே, அதற்கு நேர்மையாகவும் தெளிவாகவும் விடை சொல்லும் பக்கத்திலிருந்து விற்பனைப் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுப்பது பலன் தரும்.

இத்தகைய தொடர்களை எங்கிருந்து திரட்டுவது?

உங்கள் கைப்பேசியிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்விகளை வரிசையாகப் படித்தால், எந்தக் கட்டணக் கருவியும் தராத பட்டியல் ஒன்று கிடைத்துவிடும். அதன்பின் அந்தச் சொற்களைக் கூகுளின் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டு, தட்டச்சு செய்யும்போதே கீழே விரியும் பரிந்துரைகளையும், முடிவுகளுக்கு நடுவே வரும் கேள்விப் பெட்டியையும், பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பழைய தேடல்கள் பரிந்துரைகளைத் திரித்துவிடாமல் இருக்க, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இதைச் செய்வது நல்லது.

பத்தமடைப் பாய் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "பாய்" என்ற ஒற்றைச் சொல்லால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பாய் வீட்டுப் பிரியாணியும் அதில்தான் வரும். "பத்தமடை" என்ற ஊர்ப்பெயரும் தனியாக உதவாது, ஏனெனில் சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்பதால் அதைத் தேடுபவர்களில் ஆன்மிக அன்பர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் பொருள் தெளிவாகிறது. ஆனால், புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் அந்தத் தொடரைத் தேடுவார்கள். அவர்கள் பாய் வாங்கப் போவதில்லை. இன்னும் ஒரு படி இறங்கி, "மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய்", "பத்தமடை பட்டுப்பாய் விலை", "கோரைப்பாய் எப்படி சுத்தம் செய்வது", "பிளாஸ்டிக் பாய்க்கும் கோரைப்பாய்க்கும் வித்தியாசம்" என்று வரும்போதுதான் வாங்குபவரின் குரல் கேட்கத் தொடங்குகிறது. முதல் இரண்டுக்கும் விற்பனைப் பக்கம் வேண்டும்; அடுத்த இரண்டுக்கும் விளக்கப் பக்கம் போதும். பெயர் நெய்து தர எத்தனை நாள் ஆகும், எந்த எழுத்துகளை நெய்ய முடியும், எத்தனை நாள் முன்பாகச் சொல்ல வேண்டும் என்ற விவரங்களை விற்பனைப் பக்கத்தில் முதல் திரையிலேயே எழுதிவிட்டால், அதே கேள்விகளுக்காக வரும் தொலைபேசி அழைப்புகளும் குறையும்.

கீவேர்ட் பிளானர் காட்டும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

கீவேர்ட் பிளானர் கூகுள் ஆட்ஸ் கணக்கில் உள்ள விளம்பரதாரருக்கான கருவி. விளம்பரச் செலவு இல்லாத கணக்குகளுக்கு அது மாதத் தேடல் எண்ணிக்கையைத் துல்லியமாகக் காட்டாமல், நூறிலிருந்து ஆயிரம் வரை என்பது போன்ற அகன்ற வீச்சாகவே காட்டும். அதில் "போட்டி" என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் விளம்பரம் கொடுக்கப் போட்டியிடுகிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. விளம்பரமல்லாத இயல்பான முடிவுகளில் முன்னுக்கு வருவது எளிதா கடினமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னதை அறிய, அந்தச் சொல்லைத் தேடி முதல் பத்து முடிவுகளைக் கண்ணால் பார்ப்பதே வழி. அங்கே உங்களைப் போன்ற சிறிய தளங்களும், கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்லும் பக்கங்களும் இருந்தால் இடம் இருக்கிறது என்று பொருள்.

கூகுள் டிரெண்ட்ஸ் தேடல் எண்ணிக்கையைத் தருவதில்லை; தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதத்தில் காட்டுகிறது. இரண்டு சொற்களை ஒப்பிடவும், பருவத்தைப் பார்க்கவும் அது போதுமானது.

தமிழ்த் தொடர்கள் பலவற்றுக்குக் கருவிகள் எண்ணே காட்டாது. அதனால் யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் ஒருபோதும் வராத புதிய தேடல்கள் என்று கூகுள் நிறுவனமே பலமுறை கூறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுக்குக் கருவி சுழியம் காட்டினால், வாட்ஸ்அப்பை நம்புங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதா?

உங்கள் வாடிக்கையாளர் எப்படித் தேடுகிறார் என்பதைப் பொறுத்தது. விடுதி அறை, பல் மருத்துவர், பயிற்சி வகுப்பு போன்றவற்றை நம் ஊர்க்காரர்களே ஆங்கிலத்தில் தேடுவது வழக்கம். வைத்தியக் குறிப்பு, கோயில் நடை திறக்கும் நேரம், சமையல் ஆகியவை தமிழில் மிகுதியாக வருகின்றன. சொதிக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் செய்முறை தேடுபவர் மும்பையில் இருந்தாலும் அந்தப் பெயர்களைத்தான் தேடுவார். அவற்றுக்கு ஆங்கிலப் பெயர் கிடையாது.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து தேடுபவர்களும் மிகப் பலர். அதற்காக முழுப் பக்கத்தையும் அப்படி எழுத வேண்டாம்; படிக்கவே சலிப்புத் தட்டும். பொருளின் பெயரை மட்டும் பக்கத்தில் ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் இயல்பாகக் குறிப்பிட்டால் போதும். தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தேவையென்றால் இரண்டையும் தனித்தனி இணைய முகவரிகளில் வைத்து, ஒன்று மற்றதன் மொழி வடிவம் என்பதைப் பக்கத்தின் நிரலில் இடும் ஹெச்ரெஃப்லாங் (hreflang) குறிப்பால் தேடுபொறிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழும் ஒரு பத்தி ஆங்கிலமுமாக எழுதுவது இரு சாராருக்கும் உதவாது.

குரல்வழித் தேடலையும் மறக்கலாகாது. கைப்பேசியிடம் பேசுபவர் "தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் பேருந்து" என்று சொல்ல மாட்டார். "தென்காசில இருந்து குற்றாலம் பஸ் எப்போ" என்றுதான் கேட்பார். உரையைச் செம்மையாகவே எழுதுங்கள். ஆனால் பேருந்து என்று எழுதும் பக்கத்தில் பஸ் என்ற சொல்லும் ஓரிடத்தில் இருக்கட்டும்.

ஊர்ப்பெயரை நெல்லை என்று எழுதுவதா, திருநெல்வேலி என்று எழுதுவதா?

தலைப்பில் திருநெல்வேலி, உரையில் நெல்லை என்பது பாதுகாப்பான வழி. நெல்லை என்ற சொல் செய்தித்தாள் தலைப்புகளில் நிலைத்த வடிவம் என்றாலும், நெல் என்ற சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றாலும் அதே வடிவம்தான் வரும். "நெல்லை எப்படிச் சேமிப்பது" என்று கேட்கும் விவசாயிக்கு உங்கள் நகைக்கடை தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் விதைநெல் விற்பவருக்கு மட்டும் இந்தக் குழப்பம் ஒரு வகையில் ஆதாயம். அவரும் "அம்பை 16 விதைநெல்" என்று இரகப் பெயரோடு குறிவைப்பதே மேல்.

நமக்குள் டவுன் என்றும் ஜங்ஷன் என்றும் சொல்லிக்கொண்டால் புரியும். வெளியூர்க்காரருக்கு எந்த டவுன் என்று தெரியாது. "திருநெல்வேலி டவுன்", "திருநெல்வேலி ஜங்ஷன்" என்றே எழுத வேண்டும். பாளை என்பதோடு பாளையங்கோட்டையும் இருக்க வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால், குற்றாலத்திலும் சங்கரன்கோவிலிலும் தொழில் செய்பவர்கள் பழைய பக்கங்களில் உள்ள மாவட்டப் பெயரைத் திருத்திவிடுவது நல்லது. ஆனாலும் திருநெல்வேலியிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற குறிப்பை விட்டுவிட வேண்டாம். வெளிமாநிலத்தார் இன்னும் அப்படித்தான் தேடுகிறார்கள்.

திருநெல்வேலியின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஹெச் எழுத்து உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களை எழுதும் முறையை 1018 ஊர்களுக்கு மாற்றித் தமிழக அரசு 2020-இல் ஓர் ஆணை பிறப்பித்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசுக்கே தடுமாற்றம் என்றால் தேடுபவரைக் குறை சொல்ல முடியாது. இத்தகைய வேறுபாடுகளைத் தேடுபொறி பெரும்பாலும் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் அமைக்க வேண்டியதில்லை.

ஒற்று, எழுத்து வேறுபாடு இவற்றை எப்படிக் கையாள்வது?

இலக்கணப்படி பத்தமடைப் பாய் என்று ஒற்று மிகும். தேடுபவரோ பத்தமடை பாய் என்றே தட்டச்சு செய்வார். உரையில் ஒற்றோடு எழுதுவதில் தடையில்லை. தலைப்பிலும் படக் குறிப்பிலும் பெயர்களைத் தனித்து நிறுத்தி, எடுத்துக்காட்டாக "கல்யாணப் பாய், பத்தமடை" என்று அமைத்தால் இலக்கணமும் பிழைபடாது, தேடுபவர் சொல்லும் மாறாது. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களைப் பற்றியும் இதையே சொல்லலாம்: உரை முழுவதும் "பாயை", "பாயில்", "பாய்களுக்கு" என்று மட்டும் இருந்தால் போதாது, உருபு ஏறாத "பாய்" தலைப்பிலாவது நிற்க வேண்டும். அல்வா, ஹல்வா இரண்டையும் எழுதலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஸ்ரீ என்ற எழுத்தில் உள்ளது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) இதை ஸகரத்தை அடிப்படையாகக் கொண்டும் எழுதலாம்; 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை அடிப்படையாகக் கொண்டும் எழுதலாம். ஸ்ரீவைகுண்டம், ஶ்ரீவைகுண்டம் இரண்டும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். உங்கள் தளத்தின் உள்தேடலில் ஒன்றை இட்டால் மற்றது கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெரும்பாலான விசைப்பலகைகள் தரும் வடிவத்தையே எங்கும் ஒரே சீராகப் பயன்படுத்தி, திருவைகுண்டம் என்ற பெயரையும் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு பக்கத்தில் தேடுசொல் எத்தனை முறை வரவேண்டும்?

அப்படி ஒரு கணக்கு இல்லை. நூற்றுக்கு இத்தனை என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஒரே சொல்லைத் திணிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் மறைத்து வைப்பதும் கூகுளின் ஸ்பேம் விதிகளை மீறுவதாகும்.

அப்படியானால் எங்கெங்கே வரவேண்டும்?

பக்கத்தின் தலைப்பு முதன்மையானது. "முகப்பு" என்றோ கடைப் பெயர் மட்டுமோ தலைப்பாக இருப்பது வீண். அடுத்து முதன்மை உள்தலைப்பு, முதல் பத்தி, படங்களின் மாற்று உரை (படத்தை விளக்க நிரலில் எழுதும் வரி), பிற பக்கங்களிலிருந்து இங்கே வரும் இணைப்பின் சொற்கள் ஆகியவை. மெட்டா விவரிப்பு, அதாவது பக்கத்தைச் சுருக்கிச் சொல்ல நிரலில் எழுதும் வரி, தரவரிசையை உயர்த்தாது, ஆனால் முடிவுகளில் தலைப்புக்குக் கீழே தோன்றக்கூடியது என்பதால் கிளிக் செய்யத் தூண்டும்படி எழுதலாம். பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழில் வைத்தாலும் தேடுபொறி ஏற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும் என்பதால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது என் விருப்பம்.

நம் பகுதித் தளங்களில் அடிக்கடி காணும் குறை வேறொன்று. விலைப்பட்டியலையும் சேவை விவரங்களையும் அச்சகத்தில் வடிவமைத்த சுவரொட்டிப் படமாகவே ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பக்கத்தின் உரையாகாது. வேறு சிலர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். அங்கே உள்ளுக்குள் இருப்பவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தேடுபொறி காண்பதும் அவற்றைத்தான். பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்துக் கூகுள் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் சரி. புரியாத ஆங்கில எழுத்தாக விழுந்தால் முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும், தேடுசொல் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், பேட்டை என்று ஊருக்கு ஒரு பக்கம் வைக்கலாமா?

ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே உரையைப் பல பக்கங்களாக்குவது நுழைவாயில் பக்கங்கள் என்ற வகையில் கூகுள் விதிகளுக்கு எதிரானது. ஒவ்வோர் இடத்திலும் உண்மையிலேயே கிளை இருந்து, அதன் நேரம், வழி, அங்குள்ள மருத்துவர் அல்லது ஆசிரியர் விவரம் வேறுபட்டால் தனிப்பக்கம் தேவைதான். ஒரே தேவைக்கு உங்கள் தளத்திலேயே இரண்டு பக்கங்கள் போட்டியிடுவதும் நல்லதல்ல. அவற்றை ஒன்றாக்கி, நீக்கிய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும்.

"அருகில்" என்று தேடுபவர்களைப் பிடிக்க என்ன செய்வது?

அந்தச் சொல்லைப் பக்கத்தில் எழுதுவதால் பலன் இல்லை. அத்தகைய தேடல்களுக்கு வரைபட முடிவுகளே முன்னால் வருகின்றன. பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் கொண்டு கூகுள் அவற்றை வரிசைப்படுத்துகிறது. வரைபடத்தில் கடையின் விவரங்களைக் காட்டும் பதிவான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, நேரத்தையும் படங்களையும் புதுப்பித்து வைப்பதே வழி. பெயர்ப் பலகையில் இல்லாத "சிறந்த", "மலிவான", "திருநெல்வேலி நம்பர் ஒன்" போன்ற சொற்களைக் கடைப் பெயரோடு ஒட்டுவது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம்.

குற்றால சீசனுக்கு எப்போது எழுத வேண்டும்?

சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. சாரல் விழத் தொடங்கிய பிறகு எழுதினால், தேடுபொறி பக்கத்தைக் கண்டு, மதிப்பிட்டு, வரிசையில் சேர்ப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். சித்திரை மாதத்திலேயே பக்கம் தயாராக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப் பக்கம் தொடங்குவதும், முகவரியில் ஆண்டு எண்ணைச் சேர்ப்பதும் தவறான பழக்கங்கள். ஒரே முகவரியை வைத்துக்கொண்டு அறை வாடகை, அருவியில் குளிக்கத் தடை இருந்தால் அந்த விவரம், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைப் புதுப்பித்து வந்தால் பழைய இணைப்புகளின் மதிப்பு வீணாகாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி அறை விடுபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

புகழ்பெற்ற வேறொரு கடையின் பெயரைக் குறிவைக்கலாமா?

பெயரைச் சொல்லித் தேடுபவர் அந்தக் கடைக்குத்தான் போக விரும்புகிறார். அவரைத் திசைதிருப்ப முயன்றால் வணிகச் சின்ன வழக்குக்கும் இடம் கொடுத்தவர்களாவோம். வந்தவரும் நொடியில் திரும்பிவிடுவார்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எவ்வளவு காலம் ஆகும்?

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தத் தேடுசொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரி இடம் எது என்பதை 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடும் என்பதால், சொல்வாரியான கூட்டுத்தொகை மொத்தத்தைவிடக் குறைவாக இருப்பது கண்டு திகைக்க வேண்டாம். மாற்றத்தின் விளைவு சில நாட்களில் தெரியலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒரு மாதத்தில் முதலிடம் என்று உறுதி கொடுப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் கவனிக்க வேண்டியவை சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் நிற்கும் சொற்கள். அவற்றுக்குப் பக்கம் ஏற்கெனவே பாதி விடை சொல்லிவிட்டது. விடுபட்ட பாதியை எழுதினால் மேலே வர வாய்ப்பு அதிகம். நன்றாகக் காட்டப்பட்டும் கிளிக் இல்லாத சொற்களுக்குத் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். 2024 முதல் இந்தியாவிலும் சில தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் மேலே வந்துவிடுவதால், எளிய தகவல் கேள்விகளுக்குக் காட்டப்படும் எண்ணிக்கை குறையாமலே கிளிக் குறையக்கூடும். அந்த வகைப் பக்கங்களில் நேரத்தைச் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டு, விலை, பார்சல், முன்பதிவு, அளவு என்று வாங்குபவர் கேட்கும் சொற்களுக்கான பக்கங்களை முதலில் செம்மைப்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கன்சோலையும் வாட்ஸ்அப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அடுத்து எழுத வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிடும்.